மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால் டேங்கில் காற்றைப் பாருங்கள்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் போன வாரம் ஒரு வீட்டுக்குப் போனேன். முப்பதுக்கு நாற்பது மனை, மூன்று மாடி. மேல்மாடியில் வீட்டுக்கார அம்மா, கீழே இரண்டு குடித்தனம். "தம்பி, ராத்திரியெல்லாம் தலைக்கு மேல டொக்கு டொக்குன்னு அடிக்குது. மோட்டார் போயிடுச்சு போல, புதுசு போட்டுடுங்க" என்றார்.

பாத்ரூம் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். பிரஷர் பம்ப் மூன்று விநாடி ஓடியது, நின்றது. இரண்டு விநாடியில் மறுபடி ஓடியது. ஒரு பக்கெட் நிறைவதற்குள் பதினைந்து தடவைக்கு மேல் எண்ணினேன். மோட்டார் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்த 24 லிட்டர் பிரஷர் டேங்கை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே மந்தமான சத்தம். நல்ல டேங்க் என்றால் காற்று இருக்கும் பக்கம் கணீரென்று கேட்கும்.

நம் ஊர் வீடுகளில் மேல்மாடிக்காரர்களுக்குத்தான் இந்தப் பம்ப் தேவைப்படுகிறது. பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் இருந்தால்தான் குழாயில் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். தலைக்கு மேலேயே இரண்டு மூன்று மீட்டரில் சின்டெக்ஸ் இருந்தால் ஷவரில் தண்ணீர் நூல் போலத்தான் விழும். அதனால் பம்ப் வைக்கிறோம். கூட வரும் டேங்க் எதற்கு என்று மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. பைக்குள் தண்ணீர், பைக்கும் இரும்புக்கும் நடுவில் காற்று. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். பம்ப் ஓடும்போது காற்று சுருங்குகிறது. பம்ப் நின்ற பிறகு அந்தக் காற்றுதான் தண்ணீரைக் குழாய்க்குத் தள்ளுகிறது. 1.4 பாரில் ஓட ஆரம்பித்து 2.8 பாரில் நிற்கும்படி வைத்தால், 24 லிட்டர் டேங்கிலிருந்து சுமார் 8 லிட்டர் வரும்வரை மோட்டார் ஓய்வெடுக்கலாம். காற்று போய்விட்டால் ஓய்வே கிடையாது. அரை டம்ளர் எடுத்தாலும் அழுத்தம் சட்டென்று இறங்கும், மோட்டார் எழுந்துவிடும்.

ஒவ்வொரு தடவை எழும்போதும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஸ்டார்ட். இந்த வீட்டில் குழாய் திறந்திருந்தால் மணிக்கு 720 ஸ்டார்ட் என்று கணக்கு வருகிறது. முதலில், அழுத்தத்தைப் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் முனைகள் கருகும், பிறகு மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் போகும், கடைசியில் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றான வைண்டிங். புது மோட்டார் போட்டாலும் இதே வரிசைதான்.

காற்றைப் பார்க்க முதலில் பம்பின் கரண்டை எம்சிபியில் நிறுத்த வேண்டும். ஒரு குழாயைத் திறந்து, பம்ப் லைனில் இருக்கும் அழுத்த மீட்டரின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை விட வேண்டும். அதற்குப் பிறகுதான் டேங்கின் காற்று வால்வில் டயருக்கு வைப்பது போன்ற காற்று மானியை வைக்க வேண்டும். தண்ணீரை வடிக்காமல் வைத்தால், தண்ணீரின் அழுத்தத்தைத்தான் காற்றின் அழுத்தம் என்று படிப்போம். தொழிலுக்கு வந்த புதிதில் நான் இந்தத் தவறைச் செய்தேன். டேங்க் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு வீட்டில் மோட்டாரையே மாற்ற வைத்தேன். ஒரு மாதத்தில் அதே புகார் வந்தது. அவர்கள் பணம் வீணானது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

லிங்கராஜபுரத்து டேங்கில் மானி அசையவே இல்லை. வால்வின் ஊசியை அழுத்தினேன், காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. தண்ணீர் வந்திருந்தால் ரப்பர் பை கிழிந்துவிட்டது என்று அர்த்தம், பையை மாற்றியே ஆக வேண்டும். இங்கே பை நன்றாக இருந்தது, வால்வு ஊசிதான் கசிந்திருந்தது. கொஞ்சம் காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தொட்டு வைத்தால் குமிழி வந்து காட்டிக் கொடுத்துவிடும். ஊசியை மாற்றி, குழாயைத் திறந்தபடியே கால்பம்பால் காற்று ஏற்றினேன். கீழே குழாயிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் வர ஆரம்பித்தது. பைக்குள் மாதக்கணக்கில் தேங்கிக் கிடந்த தண்ணீர் அது. முழுவதும் வெளியேறியதும் 18 பிஎஸ்ஐயில் நிறுத்தினேன். மோட்டார் எழுவது 20 பிஎஸ்ஐயில், அதாவது சுமார் 1.4 பாரில் என்றால் காற்று அதைவிட 2 குறைவாக இருக்க வேண்டும். கூடுதலாக ஏற்றினால் மோட்டார் எழுவதற்கு முன் ஒரு நொடி தண்ணீர் அறுந்து வரும்.

பிறகு பக்கெட் பாதி நிறைந்த பிறகுதான் மோட்டார் எழுந்தது. எழுந்தாலும் அரை நிமிடம் நிதானமாக ஓடி நின்றது.

சுவிட்சின் நட்டைத் திருகி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பம்பால் எட்ட முடியாத அழுத்தத்தில் வைத்துவிட்டால் அது நிற்காமல் ஓடி எரிந்துவிடும். போர்வெல் தண்ணீர் உள்ள வீடு என்றால் சுவிட்சுக்குப் போகும் சின்னத் துளையில் உப்பு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, காற்றுக் குழாய் வைத்த சாதாரண சோலார் வாட்டர் ஹீட்டருக்குள் பிரஷர் பம்ப் லைனை விடவே கூடாது. அந்தத் தொட்டி அழுத்தம் தாங்குவதற்காகச் செய்ததில்லை.

சரி, ராத்திரி யாரும் குழாயைத் திறக்காதபோது ஏன் ஓடியது? அது வேறு நோய். டேங்கைத் தாண்டி வீட்டுக்குப் போகும் கேட் வால்வை மூடிவிட்டு மீட்டரைப் பார்த்தேன். முள் அப்படியே நின்றது. இறங்கியிருந்தால், தண்ணீரைத் திரும்பவிடாமல் தடுக்க வேண்டிய நான்-ரிட்டர்ன் வால்வு வழியாகத் தண்ணீர் சின்டெக்ஸுக்கே திரும்புகிறது என்று பொருள். நின்றதால், கசிவு வீட்டுக்குள்தான். அந்த அம்மாவிடம் சொட்டு நீலம் கேட்டு வாங்கி, இரண்டு பிளஷ் டேங்கிலும் நான்கைந்து சொட்டு விட்டேன். கால் மணி நேரம் யாரும் பிளஷ் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ குடித்தோம். திரும்பிப் போய்ப் பார்த்தால் உள் பாத்ரூம் கோப்பையில் வானம் போல நீலம் பரவியிருந்தது. "சத்தமே இல்லாம இப்படி ஓடுதா?" என்று அவருக்கு ஆச்சரியம். நிமிடத்துக்கு 100 மில்லி, ஒரு டீ டம்ளர் அளவுதான் கசிகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 144 லிட்டர் ஆகிறது. நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டும் என்று அரசு வைத்திருக்கும் கணக்கே 135 லிட்டர்தான். அவ்வளவு தூரத்திலிருந்து ஏற்றி ஏற்றிக் கொண்டு வரும் காவிரித் தண்ணீர் சாக்கடைக்குப் போவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை.

அந்த பிளஷ் டேங்கில் உப்பேறிக் கல்லாகியிருந்த ரப்பர் வாஷரை எடுத்துவிட்டுப் புதிது போட்டேன். பிரஷர் டேங்கின் மேல் பெயிண்ட் பேனாவால் 18 என்றும் அன்றைய தேதியையும் எழுதினேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் மகனே அளந்து பார்த்துக்கொள்ளலாம். பைக் டயருக்கு வைத்திருக்கும் மானியே போதும் என்று மகன் கையில் கொடுத்து, ஒரு தடவை அவரையே அளக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.