முற்றதிகாரம்: சர்வாதிகாரத்துக்கு ஒரு படி அப்பால்

'டோட்டலிடேரியன்' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் தமிழில் 'சர்வாதிகாரம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நாளிதழ்ச் செய்திக்கு அது போதும். ரஷ்ய எழுத்தாளர் சாம்யாதின், ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல் போன்றோரின் நாவல்களைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் அந்தச் சொல் காலை வாரிவிடுகிறது.

சொல் பிறந்தது இத்தாலியில், 1923இல். அன்றைய உள்ளாட்சித் தேர்தல் முறையில் வென்ற தரப்புக்குப் பெரும்பான்மை இடங்களும் அடுத்து வந்த தரப்புக்குச் சிறுபான்மை இடங்களும் போய்ச் சேர வேண்டும். முசோலினியின் கட்சியினரான பாசிஸ்டுகள் இரண்டுக்கும் தாங்களே பட்டியல் போட்டார்கள். எதிர்த்தரப்பைத் தோற்கடித்தது போதாதென்று, அது உட்கார வேண்டிய நாற்காலியிலும் தம் ஆளையே உட்காரவைத்தார்கள். இதைக் கண்டித்து எழுதிய ஜொவான்னி அமெந்தோலா என்ற லிபரல் அரசியல்வாதி, இந்த ஏற்பாட்டுக்கு 'சிஸ்டெமா டோட்டலிடாரியோ' என்று பெயர் வைத்தார். முழுவதையும் தனக்கே எடுத்துக்கொள்ளும் முறை என்று பொருள்.

வசையாக வந்த சொல்லை முசோலினி பட்டமாகச் சூட்டிக்கொண்டார். 'எல்லாம் அரசுக்குள்ளே, அரசுக்கு வெளியே எதுவுமில்லை, அரசுக்கு எதிராக எதுவுமில்லை' என்று அவர் முழங்கியது 1925இல். அதே ஆண்டு பாசிஸ்டு அடியாட்கள் அமெந்தோலாவைக் கடுமையாகத் தாக்கினார்கள். அந்தக் காயங்களிலிருந்து அவர் மீளவேயில்லை. 1926இல் பிரான்சின் கான் நகரில் இறந்துபோனார்.

தமிழுக்கு வருவோம். நம்மிடம் உள்ள மிகப் பழைய சொல் 'கொடுங்கோன்மை'. இதில் 'கொடு' என்றால் வளைந்த என்று பொருள். நேராக நிற்பது செங்கோல், வளைந்துபோனது கொடுங்கோல். குறளில் இதற்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு' என்கிறது 552ஆம் குறள். வழியில் வேலோடு மறிக்கும் கள்வன் 'கொடு' என்பதும், கோலோடு நிற்கும் அரசன் பொருள் கேட்பதும் ஒன்றுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த அரசனுக்கு வேண்டியது குடிமக்களின் பொருள். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் அவனை வாயாரத் திட்டலாம். அது அவன் காதில் விழாதவரை அவனுக்குக் கவலையில்லை.

'எதேச்சாதிகாரம்' என்பது தன் இச்சைப்படி ஆள்வது. யாரையும் கேட்காமல் முடிவெடுக்கும் ஆட்சிக்கு அது சரியான சொல். 'சர்வாதிகாரம்' சற்றுச் சிக்கலானது. சொல்லைப் பிரித்தால் எல்லா அதிகாரமும் என்று வருவதால், அமெந்தோலாவின் சொல்லுக்கு இதுவே பொருத்தம் என்று தோன்றும். ஆனால் 'டிக்டேட்டர்' என்பதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம் என்ற தொடர்வரை அது வேரூன்றிவிட்டது. டிக்டேட்டர் என்பதோ பழைய ரோமில் நெருக்கடி நேரத்தில் அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத் தரப்பட்ட பதவி. அங்கே கேள்வி, அதிகாரம் யார் கையில் என்பது. டோட்டலிடேரியன் என்பதில் கேள்வி, அந்த அதிகாரம் எதுவரை நுழைகிறது என்பது.

அதனால்தான் 'முற்றதிகாரம்' என்பது என் தேர்வு. 'முற்று' முழுமையைக் குறிக்கிறது. முற்றுகை என்ற சொல்லில் அதுவே சூழ்ந்து நெருக்குவதையும் குறிக்கிறது. இரண்டு பொருளும் இங்கே வேண்டும். முற்றதிகார அரசு, முற்றதிகாரப் போக்கு என்று அடைமொழியாகவும் சிரமமின்றி வருகிறது.

அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951இல் வெளியிட்ட ஆய்வில், பழைய கொடுங்கோன்மையிலிருந்து இது வேறு இனம் என்று விரிவாக வாதிட்டார். நாவலாசிரியர்கள் அவருக்கு முன்பே அங்கே போய்விட்டார்கள். எவ்கெனி சாம்யாதின் 1920-21இல் எழுதிய நாவலில் மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். வீடுகள் கண்ணாடிச் சுவர் கொண்டவை. கடைசியில் அரசு கண்டுபிடிப்பது, மூளையிலிருந்து கற்பனையை அகற்றும் அறுவைச் சிகிச்சை. சோவியத் ஒன்றியத்தில் அந்த நாவல் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் ரஷ்யத் தலைப்பு தன்மைப் பன்மைச் சொல் ஒன்றுதான். தமிழில் அதை 'நாங்கள்' என்பதா, 'நாம்' என்பதா? 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். அந்த அரசு யாரையும் வெளியே நிற்க விடுவதில்லை. ஆகவே 'நாம்'தான்.

ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலில் இரண்டும் இரண்டும் ஐந்து என்று கதைநாயகன் வின்ஸ்டன் சொன்னால் மட்டும் போதாது, அவன் அதை நம்ப வேண்டும். வேலோடு நிற்பவனுக்கும் இவர்களுக்கும் உள்ள தூரம் இதுதான். அந்த நாட்டு அரசு உருவாக்கும் 'புதுமொழி'யில் 'விடுபட்ட' என்ற சொல் இருக்கிறது. 'இந்த நாய் பேனிலிருந்து விடுபட்டது' என்று சொல்லலாம். மனிதன் அடையும் விடுதலையைச் சொல்லத்தான் அதற்கு அனுமதியில்லை. சொல்லை ஒழித்துவிட்டால் நினைப்பும் ஒழியும் என்பது அவர்கள் கணக்கு. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் தன் நாவலில் காட்டிய உலகத்தில் சித்திரவதைக்கே வேலையில்லை: கருவிலிருந்தே பழக்கப்படுத்துகிறார்கள், மிச்சத்தை ஒரு மாத்திரை பார்த்துக்கொள்கிறது. கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் 1985இல் வெளியிட்ட நாவலில் பெண்கள் படிப்பதே குற்றம். வரலாற்றில் எங்கோ நடக்காத எதையும் அதில் சேர்க்கவில்லை என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இத்தகைய நாவல்களுக்கு ஒட்டியிருக்கும் 'டிஸ்டோப்பியா' என்ற பெயரையும் பார்த்துவிடலாம். 1516இல் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர், தன் நூலில் வரும் கற்பனைத் தீவுக்காக 'உட்டோப்பியா' என்ற பெயரைச் செய்தார். கிரேக்கத்தில் 'இல்லாத இடம்' என்று பொருள். உச்சரிக்கும்போது 'நல்ல இடம்' என்றும் காதில் விழும். 1868இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், அயர்லாந்து பற்றிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதத்தில், அரசின் கொள்கையை ஆதரிப்பவர்களை உட்டோப்பியர் என்பது அவர்களுக்கு அளவுமீறிய பாராட்டு என்று கேலி செய்து, அவர்களை 'டிஸ்டோப்பியர்' என்றார். உட்டோப்பியா நடைமுறைக்கு ஒவ்வாத அளவு நல்லது, இவர்கள் விரும்புவதோ நடைமுறைக்கு ஒவ்வாத அளவு கெட்டது என்பது அவர் வாதம். கெட்டதும் நடைமுறைக்கு வரும் என்பதை அடுத்த நூற்றாண்டு அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

தமிழில் 'துயருலகு' என்று எழுதலாம். எனக்கு அது நிறைவாக இல்லை. துயரம் எந்த உலகிலும் உண்டு. இந்தக் கதைகளில் ஆள்பவர்கள், சொர்க்கத்தையே கட்டி முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். உட்டோப்பியாவைக் 'கனவுலகு' என்றால், அதே கனவு திரிந்துபோன இதைத் 'தீக்கனவுலகு' எனலாம். சொல் நீளமாக இருக்கிறது என்பவர்கள் டிஸ்டோப்பியா என்றே எழுதட்டும்; வாசகர்களுக்கு அது பழகிவிட்டது.

எல்லா எச்சரிக்கைக் கதையும் தீக்கனவுலகில் நடப்பதில்லை. 1945இல் வந்த ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' ஒரு பண்ணையைத் தாண்டுவதேயில்லை. அதன் வகை அங்கதம். இந்தச் சொல்லைக் கடன் வாங்கவோ புதிதாகச் செய்யவோ வேண்டியதில்லை. தொல்காப்பியமே அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம், பழியை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். பண்ணையைக் கைப்பற்றி ஆளும் பன்றிகளை வைத்து சோவியத் தலைவர் ஸ்டாலினைச் சொன்னது இரண்டாம் வகை. ஆனால் கரப்பு அவ்வளவு கச்சிதமாக இல்லை போலும். சோவியத் ஒன்றியம் பிரிட்டனின் போர்க்கால நட்பு நாடாக இருந்ததால், லண்டன் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பின. அந்தப் பன்றிகள் யாரென்று அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டிருந்தது.