முப்பது பாட்டில் சலைன்: குதிரையின் மருத்துவச் செலவைப் பற்றி ஒரு கால்நடை மருத்துவர்

வியாசர்பாடியில் சாரட் வண்டி இழுக்கும் ஒரு குதிரையைப் பார்க்க, ஆடி மாத இரவொன்றில் என்னை அழைத்தார்கள். வெள்ளைப் பெட்டைக் குதிரை. முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டும், திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்துக்கொண்டும் நின்றது; கழுத்தெல்லாம் வியர்வை. காலையிலிருந்து லத்தி போடவில்லை என்றார்கள். காலையிலேயே ஏன் அழைக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை, கல்யாணம் இல்லையென்றால் சவாரி இல்லை. ஆனால் கொள்ளும் புல்லுக்கட்டும் எல்லா மாதமும் வாங்கியாக வேண்டும்.

குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் செலவு ஏன் கைமீறிப் போகிறது என்பதை அதன் உடல் எடையை வைத்தே சொல்லிவிடலாம். முந்நூறு கிலோ எடையுள்ள குதிரை தன் எடையில் 5 சதவீத அளவுக்கு நீர் இழந்திருந்தால், அதை ஈடுகட்ட மட்டும் 15 லிட்டர் சலைன் ஏற்ற வேண்டும். அதாவது மனிதர்களுக்குப் போடும் அரை லிட்டர் பாட்டிலில் முப்பது. அன்றாடத் தேவை அதற்கு மேல் தனி. மருந்தும் எடைக்கு ஏற்பத்தான் கூடும். நாய்க்கு ஆன செலவை நினைத்துக்கொண்டு வருபவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்துப்போகிறார்கள்.

அதோடு, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையில் தேங்கும் திரவமும் வாயுவும் வெளியேற வழியில்லாமல் இரைப்பையே கிழிந்துவிடக்கூடும் என்பதால், மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதை இறக்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் வந்தால், வலிக்கு ஓர் ஊசியோடும் இந்தக் குழாயோடும் பல குதிரைகள் தேறிவிடுகின்றன. பத்து மணி நேரம் கழித்து வரும் அதே குதிரைக்குத்தான் முப்பது பாட்டில் தேவைப்படுகிறது.

அந்த இடைவேளையில் வீட்டில் செய்பவையும் செலவைக் கூட்டுகின்றன. ஓமத் தண்ணீரையோ எண்ணெயையோ பாட்டிலில் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டுவது நம் பகுதியில் பழைய வழக்கம். அது நுரையீரலுக்குள் போய்விட்டால் வயிற்றுவலியோடு நிமோனியாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டிவரும். மெடிக்கலில் வாங்கிய வலி ஊசியை நீங்களே போட்டிருந்தால், எதை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நான் திட்டமாட்டேன். ஆனால் அது தெரியாமல் அதே வகை மருந்தை நானும் போட்டால், சிறுநீரகமும் குடலும் பாதிக்கப்படும்.

எனவே பணம் சேர்ப்பதற்கு முன் ஒரு பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாடை எலும்பின் அடியில் விரல் வைத்தால் நாடி தெரியும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். 60ஐத் தாண்டி இறங்காமல் நின்றால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். வியாசர்பாடிக் குதிரைக்கு அன்றிரவு 72 இருந்தது. இப்போது அந்த லாயத்துச் சுவரில், அது ஓய்வில் இருக்கும்போதுள்ள நாடியை, கரித்துண்டால் 38 என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், குதிரைக்காரர்களிடம் பணத்தைப் பற்றிப் பேசக் கூசி, மூன்றாம் நாள்தான் கணக்கைச் சொல்வேன். அதற்குள் ஒருவர் நூறு நாள் தண்டல் வாங்கியிருந்தார். குதிரை பிழைத்தது, ஆனால் அவர் தண்டல் கட்டுவதற்காகவே வண்டியை விற்றார். அதன் பிறகு முதல் ஒரு மணி நேரத்திலேயே தொகையைச் சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடிப் பெரியவரோ நான் வாய் திறப்பதற்கு முன்பே, "எவ்ளோ ஆவும்னு இப்பவே சொல்லிடும்மா, எங்கிட்ட இருக்கிறது இவ்ளோதான்" என்று மடியை அவிழ்த்துக் காட்டினார். இப்படிக் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை. கையிலுள்ள தொகை தெரிந்தால், எந்தச் சோதனையைத் தள்ளிப்போடலாம், எதை விடவே கூடாது என்று மருத்துவரால் முடிவெடுக்க முடியும். குதிரையை ஏற்றி அனுப்பும் நிலை இருந்தால், 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ராத்திரியில் வண்டி தேடி அலையாமல், குதிரையை ஏற்றிப் பழகிய ஒரு லோடு வண்டிக்காரரின் எண்ணை முன்பே வாங்கி வையுங்கள்.

காப்பீடு எடுத்தவர்கள் பலரும் அது மருந்துச் செலவைத் தரும் என்று நம்பியிருக்கிறார்கள். கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் விலங்கு இறந்தால் தரும் தொகைதான். சிகிச்சைக்கான பணத்தை நாம்தான் ஒதுக்க வேண்டும். தையிலும் ஆவணியிலும் சவாரி நிறைய வரும்போது, ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு சிறு தொகையைக் குதிரையின் பேரில் தனியாகப் போட்டு வைத்தால், ஆடியில் தண்டல்காரரைத் தேட வேண்டியதில்லை.

குடல் முறுக்கிக்கொண்டு, வயிற்றைத் திறந்தாலொழிய வழியில்லை என்ற நிலையில், கடன் வாங்கியாவது காப்பாற்றுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு, பிழைத்தால் மறுபடி வண்டி இழுக்குமா, எத்தனை நாள் கட்டி வைத்துத் தீனி போட வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டு, வலியில்லாமல் விடைகொடுக்கவும் முடியும் என்பதையும் சொல்கிறேன். அதைத் தேர்ந்தெடுத்த ஒருவர், ஊசி போடும்வரை குதிரையின் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.