நாயின் கண்ணுக்கும் காலுக்கும் நடுவே ஒரு கூம்பு

கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நாயின் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பைப் பார்த்ததும் பலருக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு பரிதாபம் வரும். நான்கைந்து நாள் கழிந்ததும் அந்தப் பரிதாபம் ஆபத்தாக மாறுகிறது. சிவப்பு குறைந்து, நாயும் கண்ணை முழுதாகத் திறந்து பார்க்கத் தொடங்கியிருக்கும். ‘பாவம், கொஞ்ச நேரம் கழற்றிவிடலாமே’ என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஆனால் கண் தெளிந்துவிட்டது என்பதால் காயம் ஆறிவிட்டது என்று ஆகாது. ஏன் என்று புரிய, கண்ணின் முன்புறத்தில் உள்ள கார்னியா என்ற ஒளி ஊடுருவும் படலம் எப்படி ஆறுகிறது என்று பார்க்க வேண்டும்.

நாயின் கார்னியா அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே தடிமனானது. ஒளி தடையின்றி உள்ளே போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. தனக்கு வேண்டியதைக் கண்ணீரிலிருந்தும், கண்ணுக்குள் இருக்கும் நீர்மத்திலிருந்தும் அது பெற்றுக்கொள்கிறது. காயம் பட்டால் மேற்பரப்பில் உள்ள செல்கள் ஓரங்களிலிருந்து வழுக்கி வந்து குழியை மூடிவிடும். மேலோட்டமான கீறலுக்கு இதற்குச் சில நாட்கள் போதும். அதற்கு அடியில் இருப்பது ஸ்ட்ரோமா. கொலாஜன் இழைகளால் ஆன இந்த அடுக்குதான் கார்னியாவின் தடிமனில் பெரும்பங்கு. அதன் வலிமையும் இங்கேதான் இருக்கிறது. ரத்த ஓட்டம் இல்லாததால் இந்த அடுக்கு மிக மெதுவாகவே பழுதுபார்க்கப்படுகிறது. அறுத்த இடம் ஓரளவு உறுதி பெறவே வாரங்கள் ஆகும், பழைய வலிமையை நெருங்கப் பல மாதங்கள் பிடிக்கும்.

மருத்துவர் கண்ணில் ஃப்ளூரோசின் சாயத்தை விட்டு நீல ஒளியில் பார்ப்பார். மேற்படலம் இல்லாத இடத்தில் சாயம் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். பச்சை தெரியவில்லை என்றால் மேற்பரப்பு மூடிவிட்டது என்றுதான் பொருள். அடியில் உள்ள சுவர் எவ்வளவு உறுதி பெற்றிருக்கிறது என்பதை அந்தச் சாயம் சொல்லாது.

அதுவரை காயத்தைப் பிடித்து வைத்திருப்பது தையல்தான். கார்னியாவில் போடும் நூலின் தடிமன் பெரும்பாலும் 0.03 முதல் 0.05 மில்லிமீட்டர், பல மனிதர்களின் தலைமுடியைவிட மெல்லியது. ஆழமான புண்ணாக இருந்தால், கண்ணின் வெள்ளைப் பகுதியைப் போர்த்தியிருக்கும் சவ்விலிருந்து ஒரு பட்டையைப் பாதி அறுத்துத் திருப்பிப் புண்ணின் மேல் தைப்பதுண்டு. ரத்தம் இல்லாத இடத்துக்கு அந்தப் பட்டை தன் ரத்தக் குழாய்களையும் கூடவே கொண்டுவருகிறது. அது பிய்ந்தால் போட்ட தையல் மட்டுமல்ல, வந்துகொண்டிருந்த ரத்தமும் போய்விடும்.

இப்போது நாயின் பக்கம் வருவோம். கார்னியா உடலிலேயே நரம்பு முனைகள் மிக அடர்த்தியாக இருக்கும் இடங்களில் ஒன்று. மரத்துப்போகச் செய்யும் மருந்தின் வேகம் தணிந்ததும் உறுத்தலும் அரிப்பும் தொடங்கும். நாயைத் திட்டிப் பயனில்லை. பின்னங்காலால் சொறியும் தாளத்தை உருவாக்குவது தண்டுவடம். மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட நாயிலும், தோளுக்குப் பின்னால் தூண்டினால் பின்னங்கால் நொடிக்கு நான்கு முறை அளவில் ஒரே சீராகச் சொறிகிறது என்பதைப் பிரிட்டிஷ் நரம்பியல் ஆய்வாளர் சார்லஸ் ஷெரிங்டன் விரிவாக ஆராய்ந்து 1906-இல் வெளியான நூலில் எழுதினார். முகத்தின் அரிப்பு வேறு நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகிறது என்றாலும், காலை ஆட்டும் அந்த இயந்திரம் தண்டுவடத்தில்தான் இருக்கிறது. ‘நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன்’ என்பவர் கையை நீட்டுவதற்குள் நான்கைந்து சொறிதல் முடிந்திருக்கும்.

முன்னங்காலால் தேய்ப்பதும் இதற்குக் குறைந்ததல்ல. முன்னங்காலின் உட்புறத்தில், தரையைத் தொடாமல் மேலே நிற்கும் கட்டைவிரல் நகம் நடையில் தேயாது. பல நாய்களுக்கு அது கூராகவே இருக்கும். மூன்றாவது வழி தரைவிரிப்பிலும் சோபா விளிம்பிலும் முகத்தை உரசுவது. என் கணக்கில் மோசமானது இதுதான், ஏனென்றால் தலையின் எடை முழுவதும் அதில் இறங்குகிறது.

இந்த மூன்றையும் ஒரே வடிவத்தால் தடுப்பதுதான் கூம்பின் சாமர்த்தியம். அகன்ற வாய் மூக்கு நுனியைத் தாண்டிச் சில சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் முகம் தரையைத் தொடுவதற்குள் விளிம்பு தொட்டுவிடும். கழுத்துப் பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவு இடைவெளி போதும். அதற்கு மேல் தளர்ந்தால் பின்னங்காலால் உதைத்துக் கழற்றிவிடும். கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அகலமாக இருக்கும் பக் போன்ற தட்டை முக நாய்களுக்குக் கூம்பை மார்புப் பட்டையோடு சேர்த்துக் கட்டினால்தான் நிற்கும். அவற்றின் கண்கள் வேறு வெளியே துருத்திக்கொண்டிருக்கும்.

காற்றடைத்த வளையக் காலர்கள் பார்க்க இதமாக இருக்கின்றன. வயிற்றுத் தையலை நக்காமல் தடுக்க அவை உதவலாம். கண்ணுக்கு அவற்றால் பயனில்லை. முகம் முழுவதும் திறந்தே கிடக்கிறது. துணிக் கூம்பு மடங்கிக் கண்மேலேயே படலாம். ஒளி ஊடுருவும் கெட்டி பிளாஸ்டிக்கே இங்கு சிறந்தது, பக்கவாட்டுப் பார்வையையும் அது முழுதாக மறைக்காது.

நாயை நடக்க அழைத்துப் போகும்போது கயிற்றைக் கழுத்தில் பூட்டாமல் மார்புப் பட்டையில் பூட்டுங்கள். கழுத்துப் பட்டையோடு நாய் முன்னால் இழுத்தால் கழுத்திலுள்ள ரத்தக் குழாய்கள் அழுந்தி, கண்ணின் உள்ளழுத்தம் உயர்கிறது. மார்புப் பட்டையில் அப்படி உயரவில்லை என்பதை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. புதிதாகத் தைத்த கண்ணுக்குள்ளிருந்து யாரும் அழுத்தம் கொடுக்க விரும்பமாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கூம்பின் வாயைவிடக் குறுகிய கிண்ணத்தைச் சற்று உயரத்தில் வையுங்கள். அப்படியும் சாப்பிட மறுத்தால் ஒருவர் தலையைப் பிடித்திருக்கக் கழற்றலாம். கிண்ணம் காலியானதும் உடனே மாட்டிவிட வேண்டும். சாப்பிட்ட கையோடு தரைவிரிப்பில் முகத்தைத் துடைப்பது பல நாய்களின் பழக்கம்.

முதல் சில மணி நேரம் நாய் அசையாமல் நிற்கலாம், கதவு நிலையில் முட்டிக்கொள்ளலாம். கூம்பு காதுக்கு வரும் ஒலியையும் மாற்றிவிடுவதால் பக்கவாட்டில் திடீரென்று தொட்டால் திடுக்கிடும். பெரும்பாலானவை ஓரிரு நாளில் பழகிவிடுகின்றன. இமை அறுவைக்கு வழக்கமாக 10 முதல் 14 நாட்கள், கார்னியா அறுவைக்கு அதைவிடக் கூடுதல் நாட்கள் என்பது பொதுவான அளவு. கழற்றும் நாளை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நடுவில் கண்ணைச் சுருக்கினாலோ, திடீரென நீர் கொட்டினாலோ, கண் மங்கலாகத் தெரிந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும்.

கழற்றும் நாளில் அவசரப்படாதீர்கள். கூம்புக்கு அடியில் பல நாள் சேர்ந்த கழுத்து அரிப்பை நாய் ஒரே மூச்சில் தீர்த்துக்கொள்ளப் பார்க்கும். கழுத்தையும் காதுகளின் பின்புறத்தையும் ஈரத்துணியால் துடைத்து, உங்கள் விரல்களாலேயே நன்றாகச் சொறிந்துவிட்டு, பிறகு விடுங்கள்.