‘ப்ளு’வா, ‘ப்ளுஸ்’ஸா? பிரெஞ்சு எதிர்மறையில் தமிழர் தடுமாறும் இடங்கள்

தமிழில் எதிர்மறை வினையின் வாலில் வரும்: சாப்பிடவில்லை, போகமாட்டேன். பிரெஞ்சில் அது வினையின் இரு பக்கமும் நிற்கும். ‘ழ மான்ழ்’ என்றால் சாப்பிடுகிறேன். ‘ழ ந மான்ழ் பா’ என்றால் சாப்பிடுவதில்லை. முதல் மாதத்திலேயே இதைக் கற்றுவிடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான்.

இந்த இரண்டில் ‘ந’தான் முக்கியம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பிரெஞ்சில் அப்படித்தான். ‘ந’ மட்டுமே போதும். ‘பா’ என்பது ‘காலடி’. ஓர் அடிகூட நடக்கவில்லை என்பதுபோல, அழுத்தத்துக்காகச் சேர்ந்த சொல். துளி, ரொட்டித் துணுக்கு என்று பொருள்படும் சொற்களும் இப்படி வந்து நின்றன. கடைசியில் ‘பா’ வென்றது. இன்றைய பேச்சில் ‘ந’ பெரும்பாலும் உதிர்ந்துவிடுகிறது. ‘ழ ந ஸே பா’ (எனக்குத் தெரியாது) என்பது ‘ழ ஸே பா’ ஆகி, வேகத்தில் ‘ஷே பா’ என்றே காதில் விழும். ஆகவே கேட்கும்போது ‘பா’வைத் தேடுங்கள்.

எழுதும்போது கதை வேறு. அங்கே ‘ந’வை விட்டால் பிழை. குறிப்பாக ‘ஓன்’ (பேச்சில் ‘நாம்’) என்ற எழுவாய்க்குப் பின் உயிரில் தொடங்கும் வினை வந்தால், ‘ந’ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒலி ஒன்றுதான். காதை நம்பி எழுதுபவர்கள் தேர்வில் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

இறந்தகாலத்தில் ‘பா’ துணைவினையை ஒட்டி நிற்கும்: ‘ழ நே பா மான்ழே’ (நான் சாப்பிடவில்லை). ‘ந’வும் துணைவினை ‘ஏ’யும் சேர்ந்ததுதான் இந்த ‘நே’. ‘மான்ழே’வுக்குப் பின்னால் தள்ளக் கூடாது. ‘ஒன்றும்’ எனப் பொருள்படும் ‘ரியான்’ சொல்லும் அதே இடத்தில்தான்: ‘ழ நே ரியான் வ்யு’ (நான் ஒன்றும் பார்க்கவில்லை). ஆனால் ‘யாரையும்’ என்ற ‘பெர்சோன்’ கடைசிக்குப் போய்விடும்: ‘ழ நே வ்யு பெர்சோன்’ (நான் யாரையும் பார்க்கவில்லை). இதற்குக் காரணம் தேடாமல் வாக்கியமாகவே மனப்பாடம் செய்வது நல்லது. இந்த இரண்டோடும் ‘பா’ சேராது. நம் ‘யாரும் வரவில்லை’யும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான், ‘யாரும்’ தனியே எதிர்மறையைச் சுமப்பதில்லை.

அடுத்தது பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘த்யு’ போன்ற சிறு சொல். ‘ழ மான்ழ் த்யு பேன்’ (ரொட்டி சாப்பிடுகிறேன்) எதிர்மறையானால் ‘த்யு’ சுருங்கி ‘த’ ஆகும்: ‘ழ ந மான்ழ் பா த பேன்’. ‘இது ஒயின் அல்ல’ என்று அடையாளத்தை மறுக்கும்போது மட்டும் மாறாது: ‘ஸ நே பா த்யு வேன்’. நம் ‘இல்லை’, ‘அல்ல’ வேறுபாட்டை நினைத்துக்கொண்டால் இது எளிது.

மிகவும் ஏமாற்றும் சொல் ‘ப்ளு’. ‘இனி இல்லை’, ‘மேலும்’ இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. பேச்சில் ‘ந’வும் போய்விட்டால் கடைசி ‘ஸ்’தான் துப்பு. ரொட்டிக் கடையில் ‘யா ப்ளு த பேன்’ என்றால் ரொட்டி தீர்ந்துவிட்டது. ‘யா ப்ளுஸ் த பேன்’ என்றால் ரொட்டி கூடுதலாக இருக்கிறது.

கடைசியாக, பதில் சொல்லும் முறை. ‘நீ வரலையா?’ என்றால் நாம் ‘ஆமா, வரல’ என்போம். பிரெஞ்சில் அங்கே ‘வீ’ (ஆம்) சொன்னால் எதிரிலிருப்பவர் குழம்புவார். வராவிட்டால் ‘நோன்’. வருவதாக இருந்தால் எதிர்மறைக் கேள்விக்கென்றே உள்ள ‘ஸி’.