ஒரே பெயரில் இரண்டு லைப்ரரிகள்: டேட்டாபேஸ் கம்பைல் ஆகாதபோது

செட்டிநாட்டு நகரத்தார் குடும்பங்களில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கமாதலால், ஒரே பெயருடைய பலரைத் தலைப்பெழுத்துகளைக் கொண்டே பிரித்தறிவார்கள். லினக்ஸில், பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் செயற்கூறுத் தொகுப்புகளான லைப்ரரிகளுக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்; குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.1, 3 ஆகிய இரு பதிப்புகளும் கோப்புப் பெயரின் இறுதியில் உள்ள எண்ணால் பிரிந்து, ஒரே கணினியில் இடையூறின்றி இருக்க முடியும். அவற்றைத் தேடுபவர்கள் மூவர் என்பதே சிக்கலின் வேர். மூலநிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர், செயற்கூறுகளின் பெயர்களை அறிவிக்கும் ஹெடர் கோப்புகளையும், துண்டுகளை ஒரே நிரலாக இணைக்கும் லிங்கர் லைப்ரரியையும், நிரல் ஓடும் நேரத்தில் அதை நினைவகத்தில் ஏற்றும் லோடர் அதே லைப்ரரியை மீண்டும், தத்தம் பாதைகளில் தேடுகின்றன.

காரைக்குடியில் ஒருவர், நகரக் கோயிலின் புள்ளிக் கணக்கை (கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் கணக்கு) ஏற்றுவதற்காக, உபுண்டு 20.04 ஓடும் பழைய கணினியில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்கிறார் என்று கொள்வோம். கணினியில் ஏற்கெனவே ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-உம் அதன் ஹெடர்களும் உள்ளன, அவர் 3.0-ஐயும் தனியே நிறுவியிருக்கிறார். கணினியில் தேவையானவை உள்ளனவா என்று பார்க்கும் 'கன்ஃபிகர்' கட்டளை குறை சொல்லாமல் முடிகிறது. கம்பைல் செய்யும் 'மேக்' கட்டளை மட்டும் இணைப்புக் கட்டத்தில், 'எஸ்எஸ்எல்_கெட்1_பியர்_சர்டிஃபிகேட்' என்ற செயற்கூறு கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. அந்தப் பெயர் போஸ்ட்கிரெஸ் மூலநிரலில் இல்லை; 3.0-இன் ஹெடர்தான் பழைய பெயரை இந்தப் புதிய பெயராக மாற்றியிருக்கிறது. ஆகவே ஹெடர் புதியது, லைப்ரரி பழையது என்பதைப் பிழைச்செய்தியே காட்டிக்கொடுக்கிறது.

கம்பைலர் 'யூஎஸ்ஆர் லோக்கல்' அடைவிலுள்ள ஹெடர்களை முதலில் பார்க்கும் வழக்கமுடையது. ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0-ஓ, 64 பிட் கணினியில் தன் லைப்ரரியை அங்கே 'லிப்' அடைவில் வைக்காமல் 'லிப்64' அடைவில் வைக்கிறது; உபுண்டுவில் லிங்கர் கணினியுடன் வந்த லைப்ரரி அடைவை அதற்கு முன்பே பார்த்து, அங்குள்ள பழைய லைப்ரரியை எடுத்துக்கொள்கிறது. நான் அறிந்தவரை, இந்த வகைக் குழப்பங்களில் பாதியை, 'கன்ஃபிகர்' எழுதிவைக்கும் 'கன்ஃபிக் லாக்' கோப்பைப் பொறுமையாகப் படித்தே தீர்த்துவிடலாம்.

'கன்ஃபிகர்' கட்டளைக்கு 3.0-இன் ஹெடர், லைப்ரரி ஆகிய இரு அடைவுகளையும் வெளிப்படையாகக் கொடுத்தால் இணைப்பு நிறைவேறும். ஆயினும் லோடருக்கு அந்தப் பாதை தெரியாததால், சர்வர் தொடங்கும்போது லைப்ரரி கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழை எழலாம். இணைக்கும்போதே 'ஆர்பாத்' வழியாகப் பாதையை நிரலுக்குள் பதித்துவிடுவதே நல்லது. லோடர் தேட வேண்டிய பாதையைச் சொல்லும் 'எல்டி லைப்ரரி பாத்' மாறியை நிரந்தரமாக வைத்தால் தொடர்பில்லாத பிற நிரல்களும் அந்த லைப்ரரியை எடுத்துக்கொள்ளக்கூடும். எந்தக் கோப்பு உண்மையில் ஏற்றப்படுகிறது என்பதை 'எல்டிடி' கட்டளை வரிவரியாகக் காட்டும்.

எண்ணும் உதவாத இடம் ஒன்று உண்டு. நிரல்கள் டேட்டாபேஸுடன் பேச உதவும் போஸ்ட்கிரெஸின் 'லிப்பிகியூ' லைப்ரரி, புதிய செயற்கூறுகள் சேர்ந்தாலும் பழையவை அப்படியே இயங்குவதால், பல வெளியீடுகளாக 5 என்ற எண்ணையே தாங்கி வருகிறது. எனவே புதிய 'பிஎஸ்கியூஎல்' என்ற கட்டளைவரி நிரல் பழைய 'லிப்பிகியூ'வைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, தனக்கு வேண்டிய செயற்கூறு அதில் இல்லாதபோதுதான் நிற்கும். அங்கும் 'எல்டிடி'யே துணை. பாதைகளைத் திருத்திய பின் 'மேக் டிஸ்ட்கிளீன்' செய்துவிட்டே மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் முந்தைய பாதைகளைக் கொண்டு உருவான கோப்புகள் புதியவற்றுடன் கலந்துவிடும்.