சொட்டு மருந்து ஏன் இத்தனை தடவை?

புதன்கிழமை தடுப்பூசி நாள். வேலூர் பக்கம் எந்தத் துணை சுகாதார நிலையத்துக்குப் போனாலும், மடியில் ஒன்றரை மாதக் குழந்தையோடு ஒரு பாட்டி நர்ஸம்மாவிடம் இதைக் கேட்பது காதில் விழும்: “பொறந்தப்பவே போலியோ சொட்டு குடுத்தாச்சே, மறுபடியும் எதுக்கும்மா?” நியாயமான கேள்வி. இதற்கான பதிலில் ஒரு பெரும்பகுதி வேலூரிலேயே கண்டறியப்பட்டது.

சொட்டில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். அது குடலில் தங்கிப் பெருகினால்தான் உடல் அதை அடையாளம் கண்டு, அதை எதிர்த்து நிற்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கும். சிக்கலே அங்கேதான். குடலில் ஏற்கெனவே வேறு வைரஸ்கள் குடியிருந்தால் புதிதாக வந்ததற்கு இடமில்லை. கர்ப்பத்திலேயே தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளும் அதை அமுக்கிவிடும். தாய்ப்பாலிலும் அது கொஞ்சம் உண்டு. அதற்காகப் பாலை நிறுத்தக் கூடாது, சொட்டுக்கு முன்னும் பின்னும் தாராளமாகக் கொடுக்கலாம்.

பணக்கார நாடுகளில் மூன்று தவணையில் கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துவிடும் எதிர்ப்பு சக்தி இங்கே வருவதில்லை என்பதை, 1970களில் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் ரத்தப் பரிசோதனைகளில் காட்டினார். ஐஸ் பெட்டியில் குளிர் குறைந்து மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று சொல்லத் தோன்றும். நல்ல மருந்தைக் கொடுத்தும் அதே நிலைதான்.

ஒரு பேச்சுக்கு, ஒரு தவணை பாதிப் பேரின் உடலில்தான் பலன் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு குழந்தைகளில் முதல் தவணைக்குப் பிறகு 50 பேர் பாக்கி, இரண்டாவதுக்குப் பிறகு 25, மூன்றாவதுக்குப் பிறகு 12 அல்லது 13, ஐந்தாவதுக்குப் பிறகு மூன்று பேர். யாருக்குப் பிடித்தது என்று முகத்தைப் பார்த்தால் தெரியாது. அதனால் எல்லாருக்கும் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இருக்கிற சக்தியைக் கூட்டுவதைவிட, விட்டுப்போன குழந்தைக்கு இன்னொரு வாய்ப்பு கொடுப்பதுதான் இங்கே முக்கியம்.

வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸிலும் இதே கதை. வேலூரின் கஸ்பா, சின்ன அல்லாபுரம் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வயது வரை சி.எம்.சி. ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். டாக்டர் ககன்தீப் காங் இருந்த குழு அது. முடிவு 2011இல் வெளிவந்தது. மெக்சிகோவில் நடந்த ஆய்வில், இரண்டு தடவை தொற்று வந்த குழந்தைக்கு அதன்பின் கடுமையான வயிற்றுப்போக்கு வரவேயில்லை. வேலூரிலோ மூன்று தடவை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கையாக வரும் தொற்றுக்கே இந்தக் கதி என்றால், ஒரு தவணை மருந்தை நம்பி எப்படி இருப்பது? தமிழ்நாட்டில் 2017 முதல் ரோட்டாவுக்கான வாய்வழி மருந்து 6, 10, 14 வாரங்களில் தரப்படுகிறது.

ஊசிக்குக் குடலில் இடம்பிடிக்கும் தொல்லை இல்லை. 6, 14 வாரங்களிலும் 9 மாதத்திலும் மேற்கையில் தோலுக்குள் போடும் போலியோ ஊசி வெறும் 0.1 மி.லி.தான். போட்ட இடம் சின்னக் கொப்புளம்போல் எழும்பி அடங்கும். “சொட்டு இருக்கும்போது ஊசி எதுக்கு” என்பவர்களுக்கும் வேலூரிலிருந்தே பதில் உண்டு: ஏற்கெனவே சொட்டு குடித்த 450 பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வில், முழு அளவு ஊசி ஒன்று போட்டதும் குடலின் எதிர்ப்பும் கூடியது. 2014இல் இது வெளியானது.

தட்டம்மை ஊசிக்கு ஒன்பது மாதம் காத்திருப்பதற்கும் தாயின் எதிர்ப்பொருள்தான் காரணம். அது ரத்தத்தில் குறையும் முன் போட்டால் ஊசி பெரும்பாலும் வீண்.

சளி, லேசான காய்ச்சல் என்று தேதியைத் தள்ளிப்போட வேண்டாம். தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ரோட்டாவுக்கு மட்டும் கெடு உண்டு: முதல் தவணையை ஒரு வயதுக்குள் கொடுத்துவிட வேண்டும். தடுப்பூசி அட்டை தொலைந்துவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், நர்ஸம்மாவின் பதிவேட்டில் குழந்தையின் கணக்கு இருக்கும்.