ஜாக்கி வேலைக்குப் பையன அனுப்புறதுக்கு முன்னாடி கணக்கப் பாருங்க

மார்த்தாண்டத்துல ஆடிட்டர் ஆபீஸ் வச்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. வர்றவங்கள்ல முக்கால்வாசி ரப்பர் வியாபாரம், முந்திரி, கட்டட கான்ட்ராக்ட், இல்லன்னா கல்ஃப்ல இருக்கிறவங்க வீட்டு ஆளுங்க. குதிரை ரேஸ் கணக்கு என் மேஜைக்கு வரும்னு நெனச்சதே இல்ல. போன வருஷம் ரிட்டர்ன் சீசன்ல குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா மகனக் கூட்டிட்டு வந்தாங்க, "சாரே, இவனுக்க பணத்த டேக்ஸ்காரங்க பிடிச்சு வச்சிருக்காவளாம், அத எப்படியாவது வாங்கித் தரணும்"னு.

பையனுக்கு 24 வயசு, 50 கிலோ கூட இருக்க மாட்டான். மாமா பெங்களூர்ல குதிரை லாயத்துல சைஸ் வேலை, அதாவது குதிரையப் பராமரிக்கிற வேலை பாத்தவரு, அவருதான் கூட்டிட்டுப் போயி ரேஸ் குதிரையப் பழக்குற ஒரு ட்ரெயினர்கிட்ட விட்டிருக்காரு, அப்ரண்டிஸா சேந்து ஜாக்கி லைசென்ஸ், அதாவது ரேஸ்ல குதிரை ஓட்டுற லைசென்ஸ் வாங்கி அஞ்சு வருஷம் ரேஸ் ஓட்டியிருக்கான். ஊர்ல இவன் கோடிக்கணக்குல சம்பாதிக்கிறான்னு பேச்சு. அதக் கேட்டுட்டு ரெண்டு மூணு வீட்டுல பையன அனுப்பலாமான்னு யோசிக்கிறாங்களாம், அந்த அம்மாவே சொன்னாங்க. அதனாலதான் இத எழுதுறேன்.

ரேஸ் செய்தியில வர்ற தொகை குதிரை ஜெயிச்ச தொகை, அது குதிரை மொதலாளிக்குப் போகுது. நம்ம கடற்கரைக்காரங்களுக்கு இது சொல்லாமலே புரியும். குளச்சல்ல வள்ளம் கரைக்கு வந்து மீன் மூணு லட்சத்துக்கு ஏலம் போச்சுன்னா கடலுக்குப் போனவன் கையில மூணு லட்சமா வருது, டீசல் போக வள்ளக்காரன் பங்கு போக மிச்சத்துலதான அவன் பங்கு. அதே கதைதான். அமெரிக்காவுல இராத் ஓர்டிஸ் ஜூனியர்னு ஒரு ஜாக்கி, 2023ல அவரு ஓட்டுன குதிரைங்க சேத்து ஜெயிச்சது 3.9 கோடி டாலர். இது அவரு சம்பளம் இல்ல. அங்க ஜெயிச்ச குதிரையோட பங்குல ஜாக்கிக்கு 10 சதவீதம், ஜப்பான்ல வெறும் 5. அமெரிக்காவோட பெரிய ரேஸான கென்டக்கி டெர்பிக்கு 2025ல மொத்தப் பரிசு 50 லட்சம் டாலர், அதுல மொதல் குதிரைக்கு 31 லட்சம், அப்ப ஜாக்கிக்கு 3.1 லட்சம். அதுலயும் ரைடு, அதாவது ரேஸ்ல ஓட்டக் குதிரை, புடிச்சுக் குடுக்குற ஏஜென்ட்டுக்கு கால்வாசி, சேணம் சாமானெல்லாம் பாத்துக்கிற வேலெட்டுக்கு ஒரு 5 சதவீதம்னு வச்சாலே 2.17 லட்சம்தான் மிஞ்சும், அதுக்கப்புறம்தான் வரி. சாதாரண ரேஸ்ல பின்னாடி வந்தா அங்கயே நூறு டாலர் சுத்தித்தான் கெடைக்கும். நம்ம ஊர்லயும் முறை அதேதான், ஜெயிச்சா சதவீதம், இல்லன்னா ஓட்டுனதுக்கு ஒரு ரைடிங் ஃபீ. நம்ம நாட்டு ஜாக்கி பெசி ஷ்ராஃப் மாதிரி 1,700 ரேஸுக்கு மேல ஜெயிச்ச ஆளு ஒரு தலைமுறைக்கு ஒண்ணு ரெண்டு பேருதான், அவரும் 2004ல சவாரிய விட்டுட்டு ட்ரெயினரா போயிட்டாரு.

இந்தப் பையனுக்கு ஆரம்பத்துல ரைடு நெறைய வந்திருக்கு. காரணம், அப்ரண்டிஸ் ஓட்டுனா குதிரை சொமக்குற எடையில கொஞ்சம் சலுகை உண்டு. ஒரு அளவு ஜெயிச்சதும் அந்தச் சலுகை போயிரும், போனதும் ரைடு பாதியாச்சு. ஊர்ல பாத்தது அந்த மொத ரெண்டு வருஷப் பணத்த.

இப்ப என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். பந்தயத்துல பணம் கட்டி ஜெயிக்கிறவனுக்குத் தட்டையா 30 சதவீதம் வரி, எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஜாக்கி சம்பாத்தியம் அப்படி இல்ல, அது தொழில் வருமானம், போக்குவரத்து, பூட்ஸ், ஹெல்மெட் மாதிரி தொழில் செலவெல்லாம் கழிச்சு மீதிக்கு ஸ்லாப்படி வரி. அதனால கொறஞ்ச வருமானக்காரனுக்கு டிடிஎஸ்ஸா, அதாவது பணம் குடுக்கும்போதே வரின்னு புடிச்சது திரும்பி வரும், ஆனா ரிட்டர்ன் போட்டாத்தான் வரும். இவன் நாலு வருஷம் போடவே இல்ல. லேட் ரிட்டர்னுக்கும் டிசம்பர் 31தான் கடைசி, அதுக்கப்புறம் போடுற அப்டேட்டட் ரிட்டர்ன்ல ரீஃபண்ட் கேக்க முடியாது. சரியான காரணம் காட்டி, தாமதத்த மன்னிக்கச் சொல்லி கண்டோனேஷன் மனு போட அஞ்சு வருஷம் வரைக்கும் வழி இருக்கு, அதத்தான் போட்டிருக்கோம்.

உச்சத்துல இருந்தவங்களே இந்த எடத்துலதான் விழுந்திருக்காங்க. லெஸ்டர் பிகட் இங்கிலாந்து டெர்பிய 9 தடவ ஜெயிச்சவரு, வரி ஏய்ப்புக்காக 1987ல மூணு வருஷத் தண்டனை, ஒரு வருஷம் உள்ள இருந்துட்டு வந்தாரு. ஃபிராங்கி டெட்டோரி 1996ல இங்கிலாந்துல ஆஸ்காட் மைதானத்துல ஒரே நாள்ல நடந்த ஏழு ரேஸையும் ஜெயிச்ச மனுஷன், வரித் தகராறுல 2025 மார்ச்சுல திவால்னு அறிவிக்க வேண்டி வந்துச்சு. இதையெல்லாம் அந்தப் பையனுக்குச் சொன்னப்ப தலையக் குனிஞ்சிட்டே இருந்தான், எனக்கே மனசு கேக்கல, இவன் யாரையும் ஏமாத்தல, சொல்லிக்குடுக்க ஆளில்லாம போச்சு அவ்வளவுதான்.

ஆனா அன்னைக்கு என்ன ரொம்ப பாதிச்சது வரி இல்ல. கெளம்புறப்ப அந்த அம்மா பையில இருந்து இன்னொரு கவர எடுத்தாங்க. முந்தின வருஷம் காலையில ட்ராக்வொர்க்ல, அதாவது பயிற்சி ஓட்டத்துல, குதிரை தடுக்கி இவன் விழுந்து காலர் எலும்பு உடஞ்சு ஆபரேஷன் ஆயிருக்கு, வீட்டுக்கு ஃபேமிலி ஹெல்த் பாலிசி இருந்திருக்கு, ரப்பர் பால் வித்த காசுல அந்த அம்மா ஒரு வருஷம் விடாம பிரீமியம் கட்டியிருக்காங்க, கிளெய்ம் ரிஜெக்ட். பாலிசி பேப்பரப் படிச்சுப் பாத்தேன். விதிவிலக்குப் பட்டியல்ல, தொழிலா செய்யுற ஆபத்தான விளையாட்டுகள்னு ஒரு வரி, பாறை ஏறுறது, மோட்டார் ரேஸ், அதோட குதிரை ரேஸ்னு பேரு போட்டே இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கட்டுப்படுத்துற ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகம் இது, பல பாலிசில இருக்கு. பர்சனல் ஆக்சிடன்ட் பாலிசியிலயும் பெரும்பாலும் இதே கததான். 450 கிலோ குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல ஓடும்போது மேல இருக்கிறவன் தொழில் இது, ஒவ்வொரு ரேஸ்லயும் பின்னாலயே ஆம்புலன்ஸ் ஓடும், அவனுக்கு வீட்டுப் பாலிசி உதவாது. மாசச் சம்பளக்காரனுக்கு இருக்கிற பிஎஃப், ஈஎஸ்ஐயும் கெடையாது. படுத்துக் கெடந்த நாலு மாசமும் வருமானம் பூஜ்யம்.

அதனால சேர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. விழுந்தா ஆஸ்பத்திரிச் செலவு யாரு, கிளப்பா, ட்ரெயினரா? எந்தத் தொகை வரைக்கும்? எழுத்துல குடுப்பாங்களா? வாய்வார்த்தைய நம்பி புள்ளைய விடாதீங்க.

ஜாக்கின்னா எடை ஏறக் கூடாது. அந்த விஷயத்த டாக்டருங்க சொல்லணும், ஆனா அவன் சொன்னது மனச விட்டுப் போகல, ரேஸுக்கு மொத நாள் தண்ணி கூடக் குடிக்காம ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டு ஓடுவானாம். பிரிட்டன்ல ரேஸ் மைதானத்துல இருந்த சானா அறைகளையே 2021ல நிறுத்திட்டாங்க, அவ்வளவு கேடு. பையன் இப்ப 36 கிலோ, தோதா இருப்பான்னு அருமனையில இருந்து ஒரு அப்பா போன் பண்ணாரு, அவனுக்கு 14 வயசு. தாய்மாமனெல்லாம் என்ன உயரம்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, பெறவு "ஆறடி வருவாவ சார்"னாரு. பிளஸ் டூ முடிக்கட்டும், அதுக்கப்புறம் பேசலாம்னு சொன்னேன்.

குலசேகரத்துப் பையனுக்கு ஒரு வருஷ ரீஃபண்ட் வந்துருச்சு, மத்த மனுக்களுக்குப் பதில் வரல. அவன் திரும்பப் போயிட்டான், ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை ராத்திரியும் அந்த வாரம் ஓட்டுன ரைடு, வந்த பணம், செலவு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வாட்ஸ்அப்ல படம் எடுத்து அனுப்புறான். உங்க வீட்டுலயும் லாயத்துலயோ ரேஸ்லயோ வேலை பாக்குற பசங்க இருந்தா அவங்க பேர்ல எவ்வளவு டிடிஎஸ் புடிச்சிருக்காங்கன்னு காட்டுற 26ஏஎஸ் ஃபார்ம டவுன்லோடு பண்ணிப் பாருங்க, உங்க ஆடிட்டர்கிட்ட போறப்ப பாலிசி பேப்பரையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.